நாலு பேர் தூக்கினால் போதாதா?

ஒருவரோடு உறவை முறித்துக்கொள்ளும்போது "இனி உன் வீட்டுப் படி ஏறமாட்டேன்" என்று சொல்கிறோம். மனம் இறங்கி வந்தவரைப் பற்றிப் பேசும்போது "அவரே படியேறி வந்துவிட்டார், இனி என்ன கோபம்" என்கிறோம். வழக்குப் போடுவதைக் "கோர்ட் படி ஏறுவது" என்கிறோம். நம் மொழியில் படி ஏறுவது கால் செய்கிற வேலை மட்டுமல்ல, மனம் எடுக்கும் முடிவும்கூட. ஏறுவதா வேண்டாமா என்பதை ஏறுகிறவரே தீர்மானிக்கிறார் என்று இந்த வழக்குகள் எல்லாம் கேள்வியில்லாமல் எடுத்துக்கொள்கின்றன. சக்கர நாற்காலியில் இருப்பவர் ஒரு வீட்டுக்கு வராமல் போனால், அதற்குக் காரணம் கோபமா கல்லின் உயரமா என்று பிரித்துச் சொல்ல இவற்றில் இடமில்லை.

படிகளை யாரும் கெட்ட எண்ணத்தோடு கட்டவில்லை. ஊரில் தெருமட்டத்திலிருந்து இரண்டடி உயர்த்தி வீடு கட்டுவது ஐப்பசி மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க. லண்டனின் விக்டோரியா காலத்து வரிசை வீடுகளில் முன்வாசல் உயர்ந்து நிற்பது கீழே இருக்கும் நிலவறைக்கு வெளிச்சம் கிடைக்க. இரண்டுக்கும் நியாயமான காரணம் உண்டு. 1939-இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துப் போனபோது, எதிர்த்து நின்றவர்கள் மனிதர்கள். அவர்களோடு வாதாடலாம், போராடலாம், அவர்கள் மனம் மாறலாம். படிக்கு முன்னால் நின்றுவிட்டவருக்கு எதிரே யாருமில்லை. எதிரி இல்லாத இடத்தில் தவறும் இல்லை என்று நினைக்கத் தோன்றுகிறது.

கட்டிய நாளில் தவறு இல்லாமல் இருக்கலாம். அதன் முன்னால் ஒருவர் நின்றுவிட்டதை நாம் பார்த்த நாளிலிருந்து அது நம் பொறுப்பு. இதுவரை பெரும்பாலோர் ஒப்புக்கொள்வார்கள். அந்தப் பொறுப்பை எப்படி நிறைவேற்றுவது என்பதில்தான் தகராறு வருகிறது. நல்ல மனசோடு தூக்கிவிட ஆள் இருக்கும்போது சாய்தளம் எதற்கு? இது சோம்பேறித்தனமான கேள்வி இல்லை. நான் மதிக்கும் மனிதர் ஒருவர் கேட்ட கேள்வி.

நான் உறுப்பினராக இருக்கும் தமிழ் அமைப்புக்கு மேற்கு லண்டனில் ஒரு பழைய மண்டபம் சொந்தமாக இருக்கிறது. முன்வாசலில் மூன்று படிகள், மொத்தம் 450 மில்லிமீட்டர் உயரம். பொங்கல் விழா, பிள்ளைகளின் தமிழ்த் தேர்வு, நாட்டிய அரங்கேற்றம், சில நேரம் இரங்கல் கூட்டம் என்று எல்லாம் அங்கேதான். சக்கர நாற்காலியில் வரும் ஒரு அக்கா பல ஆண்டுகளாக இந்த நிகழ்ச்சிகளுக்கு வருகிறார். நாலு ஆண்கள் நாற்காலியோடு அவரைத் தூக்கி மேலே வைப்பார்கள். முடிந்ததும் இறக்கி வைப்பார்கள். யாரும் முகம் சுளித்ததில்லை. செயற்குழுக் கூட்டத்தில் சாய்தளம் பற்றிய பேச்சு வந்தபோது, தூக்குகிறவர்களில் மூத்தவரான ஒரு அண்ணன் உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்: "நாங்க நாலு பேர் இருக்கோமேம்மா. தூக்கி வைக்க எவ்வளவு நேரம் ஆகப்போகுது? இதுக்குப் போய் அவ்வளவு செலவா?"

அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்: "நாலு பேர் தூக்கறது ஒரு தடவை போதும்ணா."

எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கிய பிறகு அவர் மூன்று விஷயங்கள் சொன்னார். நிகழ்ச்சிக்கு வரும் நாளில் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார். கழிப்பறைக்குப் போக வழியில் இன்னும் ஒரு படி இருக்கிறது. நிகழ்ச்சி பிடிக்காவிட்டாலும் பாதியில் எழுந்து போக முடியாது. தூக்குகிற நாலு பேரும் கைவேலை முடித்து ஒன்றாக வரும்போதுதான் வீட்டுக்குப் போகலாம். மூன்றாவதை அவர் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். கணக்கு வழக்கில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இரண்டு வருஷமாக மனதில் இருக்கிறது. ஆனால் கேட்டுச் சண்டையாகிவிட்டால், அன்றைக்கு இரவு யார் அவரைக் கீழே இறக்குவது?

இந்த மூன்றாவது விஷயம் என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. நமக்கு உதவி செய்கிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அந்த உதவி இல்லாமல் வீடு போய்ச் சேர முடியாது என்ற நிலையில் அவரோடு முழு மனிதராக நின்று பேச முடிவதில்லை. தூக்கியவர்களில் ஒருவர்கூட அவர் வாயை அடைக்க நினைத்ததில்லை. மூன்று படிகளும் அவர்களுடைய நல்ல மனசும் சேர்ந்தே அதைச் செய்துவிட்டன.

நம் மரபு நன்றியை மிக உயரத்தில் வைத்திருக்கிறது. திருக்குறளில் 'செய்ந்நன்றி அறிதல்' பதினோராவது அதிகாரமாகவே வந்துவிடுகிறது. பொருட்பாலின் கடைசிப் பகுதியில் இன்னொரு ஜோடி இருக்கிறது: 'இரவு' 106-ஆவது அதிகாரம், 'இரவச்சம்' 107-ஆவது. கேட்பதில் இழிவில்லாத சூழலும் உண்டு என்று ஒன்று பேசினால், அள்ளிக் கொடுக்கிறவரிடம்கூடக் கேட்காமல் இருப்பதன் மேன்மையை அடுத்தது பேசுகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்ததில் ஒரு நேர்மை இருப்பதாக நினைக்கிறேன். கேட்பவரின் மனதில் இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. இதைச் சக்கர நாற்காலிக்குப் பொருத்திப் பாருங்கள். நம்மில் பலர் வாழ்நாளில் சில முறை பெரிய உதவி பெற்று, அதை வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொள்கிறோம். அந்த அக்கா ஒரு மாலையில் நாலு முறை நாலு பேருக்கு நன்றி சொல்ல வேண்டும், அதுவும் மற்றவர்கள் எண்ணிக்கூடப் பார்க்காத ஒரு செயலுக்காக. மண்டபத்துக்குள் நுழைந்ததற்காக நான் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. எனக்காகவும் ஒருவர் கல் வைத்துப் படி கட்டியிருக்கிறார், 450 மில்லிமீட்டரை நானும் தாவி ஏறிவிட முடியாது. ஆனால் என் உதவி கட்டடத்துக்குள் மறைந்துவிட்டது. அவருடைய உதவி மட்டும் நாலு முகங்களாக எதிரே நிற்கிறது.

உதவி கேட்பதற்கு இன்னொரு எல்லையும் உண்டு. அவசியத்துக்குக் கேட்கலாம், ஆசைக்குக் கேட்க முடியாது. மருத்துவமனைக்குப் போக நாலு பேரைக் கூப்பிடலாம். அலையைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்று தினமும் யாரைக் கூப்பிடுவது? 2022 நவம்பர் இறுதியில் சென்னை மெரினாவில் மணலுக்கு மேலே கடல் அருகே வரை மரப்பாதை ஒன்று மாற்றுத்திறனாளிகளுக்காகத் திறக்கப்பட்டது. அது யாருடைய அத்தியாவசியத் தேவையையும் தீர்க்கவில்லை. சும்மா போய்க் கடலைப் பார்த்துவிட்டு வரும் உரிமையைத்தான் அது கொடுத்தது. அந்த 'சும்மா'வில்தான் மற்றவர்களின் வாழ்க்கையில் பாதி நடக்கிறது. திறந்து இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் பாதையின் ஒரு பகுதியைச் சேதப்படுத்தியது, பிறகு செப்பனிட்டார்கள். சாய்தளம் ஒரு நாள் திறப்புவிழாவோடு முடிகிற கொடை இல்லை, பராமரிக்க வேண்டிய கடமை என்பதற்கும் அது சாட்சி.

நான் கணினித் துறையில் ஆலோசகனாக வேலை செய்கிறேன். ஒரு மென்பொருளில் ஏதோ ஒரு வசதி, உள்ளே இருக்கும் ஊழியர் ஒருவர் ஒவ்வொரு முறையும் கைவைத்துச் சரிசெய்தால்தான் நடக்கும் என்றால் அதை நாங்கள் வசதி என்று கணக்கில் எழுதுவதில்லை. 'ஒர்க்-அரவுண்ட்' என்போம், இப்போதைக்கு ஓட்டிக்கொள்ளும் வழி. ஊழியர் எவ்வளவு அன்பானவர் என்பது அங்கே கேள்வியே இல்லை. அவர் விடுப்பில் போன அன்று என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. சாய்தளத்தின் சிறப்பும் இதுதான். அதன் மேல் ஒருவர் ஏறும் நேரத்தில் யாரும் நல்லவராக இருக்க வேண்டியதில்லை, யாரும் அங்கே இருக்க வேண்டியதுகூட இல்லை. நம் நல்ல மனசை ஒருமுறை சிமெண்டில் வைத்துப் பூசிவிட்டு விலகிக்கொள்கிறோம்.

அதனால்தான் சாய்தளத்தின் அளவுகள் எனக்கு அறம் சார்ந்தவையாகப் படுகின்றன. எங்கள் குழுவில் சாய்தளம் வேண்டும் என்று முடிவான பிறகு, ஒரு ஒப்பந்தக்காரர் முன்வாசலில் இருந்த இரண்டரை மீட்டர் இடத்துக்குள்ளேயே முடித்துத் தருவதாகச் சொன்னார். விலையும் குறைவு. பலருக்குத் திருப்தி. கணக்குப் போட்டால் ஒரு மீட்டர் உயர ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் ஓட்டம், அதாவது 1:5.5 சாய்வு. ஆளும் நாற்காலியும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொண்டால், 1:20 சாய்வில் பின்னோக்கி இழுக்கும் விசை 5 கிலோ எடைக்குச் சமம். 1:12-இல் எட்டுக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அந்த ஒப்பந்தக்காரரின் சாய்வில் ஏறக்குறைய 18 கிலோ. தோளின் பலத்தால் மட்டும் அதைத் தள்ளி ஏற வேண்டும். ஒவ்வொரு தள்ளலுக்கும் நடுவில் கை எடுக்கும்போது நாற்காலி பின்னால் உருளும், மேலே சாய்ந்த நிலையில் முன்சக்கரம் தூக்கிக்கொண்டு பின்பக்கமாகக் கவிழவும் கூடும். இறங்குவது அதைவிட மோசம். சக்கர வளையத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடி இறங்க வேண்டும். லண்டன் மழையில் அந்த வளையம் வழுக்கும்.

இப்படிப்பட்ட சாய்தளத்தில் யாராவது பின்னால் பிடித்துத் தள்ள வேண்டும், இறங்கும்போது முன்னால் தாங்க வேண்டும். அதாவது நாலு பேர் இரண்டு பேராகக் குறைந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் சங்கத்தின் அறிவிப்பில் 'சக்கர நாற்காலி வசதி உண்டு' என்று போட்டுவிடுவோம். அதை நம்பித் தனியாக வருகிறவருக்கு மூன்று படிகளைவிட ஆபத்தானது அது. படி முடியாது என்று நேராகச் சொல்லிவிடுகிறது. செங்குத்தான சாய்தளம் வா என்று கூப்பிட்டுப் பாதியில் கைவிடுகிறது.

இங்கிலாந்தின் கட்டட விதிகளுக்கான வழிகாட்டியில் 'எம்' பகுதி இதைப் பொறுமையாகச் சொல்கிறது. 1:12 சாய்வு வேண்டுமானால் ஓட்டம் இரண்டு மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. ஐந்து மீட்டர் ஓட்டம் என்றால் 1:15. பத்து மீட்டர் என்றால் 1:20. ஏற வேண்டிய தூரம் கூடக்கூடச் சரிவு குறைய வேண்டும், ஏனென்றால் கை களைக்கும். அகலம் ஒன்றரை மீட்டர். இருபுறமும் கைப்பிடி. திறந்த பக்கத்தில் சக்கரம் நழுவி விழாதபடி 100 மில்லிமீட்டர் உயர விளிம்பு. தலைப்பிலும் அடியிலும் 1.2 மீட்டர் சமதளம், அதுவும் கதவு திறந்து வீசும் இடம் போக. இல்லையென்றால் ஒரு கையால் கதவை இழுத்துக்கொண்டு மறு கையால் நாற்காலி உருளாமல் பிடிக்க வேண்டிவரும். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு களைப்போ ஒரு விழுகையோ இருக்கிறது. நாம் ஒருநாளும் சந்திக்கப்போகாத ஒருவரின் தோள்வலியை முன்கூட்டியே எண்ணிப் பார்த்து எழுதிய அளவுகள் இவை. முகம் பார்த்துச் செய்யும் கருணையைவிட இதில் மரியாதை அதிகம் என்று நினைக்கிறேன்.

எண்களிலும் யாருடைய உடம்பு என்ற கேள்வி இருக்கிறது. 1:12 என்ற அளவு 1961-இல் அமெரிக்காவில் வந்த முதல் அணுகல் தரநிலையிலேயே இருக்கிறது. அதற்கு அடிப்படையான ஆய்வுகளை இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டிமோத்தி நியூஜென்ட் நடத்தினார். அங்கே சக்கர நாற்காலியில் இருந்தவர்கள் மாணவர்கள், போரிலிருந்து திரும்பிய முன்னாள் வீரர்கள். இருபது வயது இளைஞனின் தோளுக்கு ஒத்துவந்த சாய்வு எழுபது வயது அம்மாவின் தோளுக்கு ஒத்துவருமா? எண்பதுகளில் இங்கே வந்து இறங்கிய நம் தலைமுறைக்கு இப்போது அந்த வயதுதான். எங்கள் மண்டபத்தில் தூக்கிய நாலு பேரில் இருவருக்கு முழங்கால் வலி.

ஒருவருக்கு நல்லது செய்வது இன்னொருவருக்கு ஆபத்தாக முடிவதும் உண்டு. ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் செல்வின் கோல்ட்ஸ்மித் போலியோவால் பாதிக்கப்பட்டவர். அறுபதுகளில் நாரிச் நகரில் சக்கர நாற்காலி பயன்படுத்துகிறவர்களைத் தேடிப் போய்ப் பேசி, அங்கே நடைபாதை விளிம்புகளைத் தெருமட்டத்துக்குத் தாழ்த்தச் செய்தார். ஆனால் பார்வையற்றவருக்கு அந்த விளிம்புதான் எல்லைக்கோடு. கோலின் நுனியில் அது தட்டாவிட்டால் நடைபாதை எங்கே முடிகிறது, வண்டிகள் ஓடும் தெரு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. இதற்கான விடை உலகின் இன்னொரு மூலையிலிருந்து வந்தது. ஜப்பானில் செய்யிச்சி மியாகே என்பவர் காலால் உணரக்கூடிய புடைப்புப் புள்ளிகள் கொண்ட கற்களை உருவாக்கி, 1967-இல் ஒகாயாமா நகரில் பதித்தார். இன்று லண்டனில் தெருவைக் கடக்கும் பல இடங்களில் நாம் கவனிக்காமல் மிதித்துப் போகும் அந்தப் புள்ளிக் கற்கள் இரண்டு பேரின் தேவைகளுக்கு இடையே நடந்த ஒரு சமரசம். இரண்டு பேரையும் கேட்ட பிறகுதான் அந்தச் சமரசம் கிடைத்தது. இரக்கம் மட்டும் இருந்திருந்தால் கண்ணெதிரே இருந்தவருக்குச் செய்து முடித்துவிட்டு நகர்ந்திருப்போம். அதே 'எம்' பகுதி, ஏற்றம் 300 மில்லிமீட்டருக்கு மேல் போனால் சாய்தளத்தோடு படிகளும் இருக்க வேண்டும் என்கிறது. கோல் ஊன்றி நடக்கும் சிலருக்குச் சாய்வில் நடப்பதைவிடக் கைப்பிடி பிடித்து நாலு படி ஏறுவது எளிது.

எங்கள் முன்வாசலில் 450 மில்லிமீட்டர் ஏற விதிப்படி எட்டு மீட்டருக்கு மேல் ஓட்டம் வேண்டும், மேலும் கீழும் சமதளம் வேறு. இடமில்லை. கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த பக்கவாட்டு வாசலில் தரை கொஞ்சம் உயர்ந்திருந்ததால் அங்கே 300 மில்லிமீட்டர்தான் ஏற வேண்டும். நாலரை மீட்டரில் 1:15 கிடைத்தது. பணம் திரட்டிக் கட்டினோம், கழிப்பறைக்குப் போகும் வழியில் இருந்த படியையும் சரிசெய்தோம். ஆனால் வேலை நடக்கும்போதே இன்னொரு பேச்சு எழுந்தது. பக்கவாட்டு வாசல் சமையலறைக்கு அருகே, குப்பைத் தொட்டிகள் வைக்கும் இடம். விழா நாளில் முன்வாசலில் குத்துவிளக்கு, சந்தனம், குங்குமம், பன்னீர்ச் செம்பு, பட்டுப் பாவாடை கட்டிய சிறுமிகள். பக்கவாட்டில் வருகிறவருக்கு வெங்காயத் தோல். உள்ளே வர வழி கிடைத்துவிட்டது, வரவேற்பு கிடைக்கவில்லை.

கோல்ட்ஸ்மித்தின் சிந்தனையும் இந்த இடத்தில்தான் மாறியது. 1963-இல் ஊனமுற்றோருக்கான வடிவமைப்பு பற்றிப் புத்தகம் எழுதியவர், தொண்ணூறுகளில் அந்தத் தலைப்பையே கேள்வி கேட்டார். தனி ஏற்பாடு செய்து கொடுக்கிற மனப்பான்மையை விட்டு, எல்லோருக்குமான ஏற்பாட்டை முடிந்தவரை விரித்துக்கொண்டே போக வேண்டும் என்றார். எங்கள் குழுவில் அந்தப் புத்தகத்தை யாரும் படித்திருக்கவில்லை. ஒரு இளம்பெண், இங்கேயே பிறந்து வளர்ந்தவள், எளிமையாக ஒரு யோசனை சொன்னாள்: பன்னீர்ச் செம்பைப் பக்கவாட்டு வாசலுக்கு மாற்றிவிடலாமே? குப்பைத் தொட்டிகளைப் பின்னால் தள்ளினோம். வாழைமரமும் கோலமும் அங்கே போயின. இப்போது எல்லோரும் அந்த வழியாகத்தான் வருகிறார்கள். பிள்ளைவண்டி தள்ளி வரும் தாய்மார், சாம்பார் அண்டாவை உருட்டி வருகிறவர், மிருதங்கப் பையோடு வரும் வாத்தியார். முன்படிகள் அப்படியே இருக்கின்றன, விரும்புகிறவர் ஏறலாம்.

இதற்கெல்லாம் எதிராக ஒரு நல்ல வாதம் உண்டு, அதை ஒதுக்கிவிட நான் தயாரில்லை. யாரையும் சார்ந்திராத வாழ்க்கைதான் மேலானது என்ற எண்ணம் மேற்கின் நோய். நாம் ஏன் அதைச் சிமெண்ட் பூசி இறக்குமதி செய்ய வேண்டும்? மனிதர் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்வதுதானே சமூகம்? மேற்கிலேயே அலஸ்டர் மக்கின்டயர் 1999-இல் வெளியிட்ட நூலில், நலிவும் சார்ந்திருத்தலும் மனித வாழ்வின் இயல்பு, அறத்தத்துவம் அதை மறந்துவிட்டது என்று வாதிட்டார். எனக்கு அதில் கருத்து வேறுபாடு இல்லை. குழந்தையாக இருந்தபோது தூக்கினார்கள், கடைசியில் தூக்குவார்கள், நடுவிலும் பலமுறை விழுந்து எழுகிறோம். ஆனால் நம் எல்லோருக்கும் இருக்கும் சார்பு வேறு, ஒருவர் மேல் மட்டும் கட்டடம் சுமத்தும் சார்பு வேறு. முதலாவது உடம்பின் இயல்பு. இரண்டாவது 450 மில்லிமீட்டர் கல். உடம்பின் இயல்பைச் சொல்லிக் கல்லுக்கு நியாயம் தேட முடியாது.

சாய்தளம் எல்லாவற்றையும் தீர்த்துவிடுவதும் இல்லை. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற ஒரு கை வேண்டியவர்கள் இருக்கிறார்கள், சோற்றை ஊட்டிவிட ஆள் வேண்டியவர்கள் இருக்கிறார்கள். எந்தச் சாய்வும் அதைச் செய்யாது. அங்கே மனிதர்தான் வேண்டும், அதற்கான பொறுமையும் நேரமும் வேண்டும். நம்மிடம் இருக்கும் பரிவு அளவற்றது அல்ல. கல் செய்யக்கூடிய வேலையைக் கல்லிடம் விட்டுவிட்டால், மனிதர் மட்டுமே செய்யக்கூடியதற்கு அது மிஞ்சும்.

நாற்காலியைத் தூக்கிய அண்ணனும் அக்காவும் இப்போதும் நல்ல நண்பர்கள். சென்ற ஆண்டுக் கூட்டத்தில் அக்கா கணக்கு பற்றிய அந்தக் கேள்வியைக் கேட்டார். பொருளாளராக இருந்த அண்ணனுக்குக் கோபம் வந்தது, குரல் உயர்ந்தது. அக்கா தன் பக்கத்தைச் சொல்லி முடித்துவிட்டு, "இனிமே பேசிப் பிரயோஜனமில்லை, நான் கிளம்பறேன்" என்று நாற்காலியைத் திருப்பிக்கொண்டு பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே போய்விட்டார். கூட்டம் முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.